அம்மம்மாவின் அரிக்கன் சட்டியும் முருங்கையிலை வெள்ளியும்

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளை ஒருத்தி கையில் ஒரு கடதாசியோடு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள். வெளியூருக்கு அனுப்பியிருந்த மாதிரிக்கு முடிவு வந்திருந்தது.

"அக்கா, எண்பத்திரண்டு எண்டு வந்திருக்கு!"

மூன்று மாத உழைப்பு அந்த எண்ணுக்குள் இருந்தது. முருங்கையிலையை அவித்து, வடித்த சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விட்டு, நிறம் மாறும்வரை காத்திருந்து அவள் செய்த வெள்ளி நனோ துகள்கள். 82 நனோமீற்றர். (மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்.) நனோ என்று சொல்ல 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்று படித்த பிள்ளைக்கு அது சோதனையில் எடுத்த நல்ல புள்ளி மாதிரி இருந்தது.

"இதை அப்பிடியே எழுதட்டோ?"

"பொறு பிள்ளை. அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வா, பாப்பம்."

போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சாயத்தண்ணி மாதிரி மஞ்சள் கலந்த மண்ணிறம். ஆனால் அதற்குள் மெல்லிய பால் தன்மை ஒன்றும் தெரிந்தது, அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு விழுந்ததுபோல. எங்களிடம் இருக்கும் ஒளி உறிஞ்சல் மானியில் வைத்துப் பார்த்தால், ஒளியை அதிகம் உறிஞ்சும் உச்சி 415 நனோமீற்றரில் நின்றது. (இந்த 415 ஒளியின் அலைநீளம். இதையே துகளின் அளவு என்று எழுதிவிடும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவராவது வருவார்கள். அலகு ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் அது.) துகள் எல்லாம் உண்மையிலேயே 80 நனோமீற்றர் என்றால், அந்த உச்சி 450 பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். போத்தல் ஒன்று சொல்கிறது, கடதாசி வேறொன்று சொல்கிறது.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் இருவரும் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடமாகக் கரைசல் தயாரிப்பதும் கருவி பார்ப்பதும் என் வேலை. இந்த வேலையில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. நனோ துகளை அளக்கப் போகிற எல்லாரும் கருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எதை எதிலிருந்து பிரித்தாய் என்பதை.

பிரிப்பது எங்கள் வீட்டில் பரம்பரை வேலை என்றே சொல்லலாம். நான் குச்சவெளிப் பிள்ளை. அப்பா புல்மோட்டை இல்மனைட் (தைத்தேனியம் உள்ள கருமணல் கனியம்) ஆலையில் வேலை செய்தவர். 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் ஆலை அது. அந்தக் கரையில் மணல் வெள்ளையாக இருக்காது, கருப்பாக மினுங்கும். மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாது. சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுப்போம். மயிர் முளைத்ததுபோலக் கருமணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பையை உருவினால் மணல் விழுந்துவிடும். மிச்சக் கருமணல் ஏன் ஒட்டவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கு இந்தக் காந்தம் காணாது" என்றார். இல்மனைட்டுக்குக் காந்தத்தின்மேல் ஈர்ப்பு குறைவு. ஆலையில் இருக்கும் வலுவான காந்தம்தான் அதை இழுத்தெடுக்கும். இல்மனைட் போன பிறகு மிஞ்சுவதில் ரூட்டைல், சிர்கோன் என்ற கனியங்கள் இருக்கும். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. உயர் மின்னழுத்தம் ஏற்றிய உருளையில் விட்டால் ரூட்டைல் ஏற்றத்தை உடனே இழந்து எறிபடும், சிர்கோன் உருளையோடு ஒட்டிக்கொண்டு போய் அப்புறம் விழும். ஒரு காந்தம், ஒரு மின்னேற்றம், கொஞ்சம் தண்ணீர். அவ்வளவையும் வைத்து ஒரே மணலை நாலாகப் பிரித்துவிடுவார்கள்.

வீட்டில் அம்மம்மாவிடம் அரிக்கன் சட்டி இருந்தது. உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு போட்டு, கை மணிக்கட்டை மட்டும் ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு ஆட்டுக்கும் கொஞ்சம் அரிசியைப் பானைக்குள் வழிய விடுவார். கடைசியில் சட்டி வரியில் நாலைந்து கல்லும் பத்துப் பதினைந்து அரிசியும் கிடக்கும். அந்தப் பதினைந்து அரிசிக்காக அவர் சண்டை பிடித்ததில்லை, கோழிக்குப் போட்டுவிடுவார். கல்லோடு கொஞ்சம் நல்லதும் போகும் என்பது அவருக்குத் தெரியும். சென்ரிபியூஜ் (வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம்) பிடிக்கிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

மணலிலும் அரிசியிலும் நடப்பது நனோவில் நடக்காது. கல் தண்ணீரில் உடனே விழுகிறது. 20 நனோமீற்றர் விட்டமுள்ள வெள்ளித் துகளும் தண்ணீரைவிடப் பத்து மடங்கு கனமானதுதான், அதுவும் விழத்தான் பார்க்கிறது. திரவத்தில் துகள் விழும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியில் போட்டுப் பார்த்தால் வேகம் வினாடிக்கு 2 நனோமீற்றர் வரும். ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீற்றர். ஆனால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை விடாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. விழுந்த அதே ஒரு வினாடிக்குள் அது ஆறு ஏழாயிரம் நனோமீற்றர் தூரம் அங்கும் இங்குமாக அலைந்திருக்கும். இரண்டு அடி சறுக்கும் ஒருவனைச் சனக்கூட்டம் ஆறாயிரம் அடி தள்ளிக்கொண்டு போனால் எப்படியிருக்கும், அப்படி. அதனால்தான் நல்ல கூழ்மம், அதாவது நுண்ணிய துகள்கள் கலந்து நிற்கும் தண்ணீர், வருடக்கணக்கில் போத்தலில் அடியில் படியாமல் நிற்கிறது.

இந்த அலைச்சலை அளந்தவர் பிரெஞ்சுக்காரர் ஜான் பெரன். 1908ஐ ஒட்டிய வருடங்களில், காம்போஜ் என்ற மஞ்சள் பிசினைத் தண்ணீரில் கரைத்து வந்த உருண்டைகளை நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணினார். எங்கள் கொறுக்காய்ப்புளி மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்தில் வடியும் பிசின் அது. அவர் எண்ணிய கதையைப் பாடப் புத்தகம் சொல்லும், அவகாதரோ எண் (ஒரு மூலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) கிடைத்ததையும் சொல்லும். எண்ணுவதற்கு முன் அவர் செய்ததை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பிசின் உருண்டைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தன. ஒரே அளவானவை கிடைக்கும்வரை அவற்றைத் திரும்பத் திரும்பச் சென்ரிபியூஜில் சுற்றிப் பிரித்தார். ஒரு கிலோ பிசினில் தொடங்கி, பல மாதங்களுக்குப் பிறகு அவர் கையில் மிஞ்சியது சில டெசிகிராம்தான். அந்தச் சிறங்கையளவும் இல்லாத தூளை வைத்துத்தான் அணு என்று ஒன்று உண்டு என்பதைச் சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அந்தப் பிள்ளைக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

1926 இந்தத் துறைக்குப் பெரிய வருடம். பெரனுக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு. அதிவேகச் சென்ரிபியூஜை உருவாக்கிய சுவீடன்காரர் ஸ்வெட்பெரிக்கு இரசாயனவியலுக்கான பரிசு. கூழ்மத் துகள்களைக் காணும் நுணுக்குக்காட்டியை அமைத்த சிக்மோண்டிக்கு, முந்தின வருடம் ஒதுக்கி வைத்திருந்த 1925க்கான இரசாயனவியல் பரிசும் அந்த வருடமே கொடுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிரித்தவர், எண்ணியவர், பார்த்தவர் என்று மூவர்.

சரி, எங்கள் சென்ரிபியூஜுக்கு வருவோம். மேசையில் வைக்கும் சின்ன இயந்திரம்தான். புவியீர்ப்பின் 10,000 மடங்கு விசையில், அதாவது 10,000 ஜியில் சுற்றினால், முன்பு சொன்ன 20 நனோமீற்றர் வெள்ளித் துகள் வினாடிக்கு 20 மைக்ரோமீற்றர் இறங்கும். 3 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கடக்க 25 நிமிடம் போதும். வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் 40 நனோமீற்றர் துகளுக்கு ஆறு நிமிடம், 80க்கு ஒன்றரை நிமிடம். இங்கேதான் பிரிப்பதற்கு வழி திறக்கிறது. வேகத்தைக் குறைத்து 1000 ஜியில் 15 நிமிடம் சுற்றினால் 80 நனோமீற்றரும் அதற்கு மேற்பட்டவையும் அடிக்குப் போய்விடும். 20 நனோமீற்றர் துகள் அந்த நேரத்தில் 2 மில்லிமீற்றர்தான் இறங்கியிருக்கும். மேலே நிற்பதை உறிஞ்சி எடுத்து, வேறு குழாயில் விட்டு, கூடிய வேகத்தில் திரும்பச் சுற்ற வேண்டும்.

அம்மம்மாவின் பதினைந்து அரிசி இங்கேயும் உண்டு. முதலிலேயே குழாயின் அடிப்பக்கம் நின்ற சின்னத் துகள்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை, அவையும் பெரியவற்றோடு அடியில் படிந்துவிடும். அதனால் அடியை ஒருதரம் தண்ணீரில் கலக்கித் திரும்பச் சுற்றினால் கொஞ்சத்தை மீட்கலாம். முழுக்க மீட்க முடியாது.

பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தில் "10,000 சுற்றில் சுற்றினேன்" என்று எழுதும்போது எனக்கு மனம் பதறும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்பது, சுழலும் தலையின் ஆரம் 6 சென்ரிமீற்றர் என்றால் 6,700 ஜி. 10 சென்ரிமீற்றர் என்றால் 11,180 ஜி. இரண்டும் ஒன்றல்ல. இன்னோர் ஊரில் இன்னொரு பிள்ளை அதைப் படித்துச் செய்யும்போது வேறு துகள்தான் கிடைக்கும். ஜியில் எழுதுங்கள், நேரம் எழுதுங்கள், குழாயில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பதையும் எழுதுங்கள்.

2022இல் பங்குனி கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் சென்ரிபியூஜ் பாதியில் நின்ற நாட்கள் எத்தனையோ. மின்சாரம் போனதும் மூடி பூட்டியபடியே இருக்கும், தலை உள்ளே தானாகச் சுற்றி அடங்கும். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். மின்சாரம் வந்து மூடியைத் திறப்பதற்குள் அடியில் படிந்தது புகை மாதிரி மேலே கிளம்பியிருக்கும். வெள்ளியின் அந்தப் புகையை ஒருதரம் பார்த்தால் மறக்காது. அடியில் தேன் நிறத்தில் ஒரு நூல் எழுந்து, பாதி வழியில் சுருண்டு, பிறகு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். திரும்ப முதலில் இருந்து.

பிள்ளையின் போத்தலுக்கு முதலில் 1000 ஜி, 15 நிமிடம் கொடுத்தோம். அடியில் கறுப்பு அல்லது மண்ணிறப் படிவு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது அழுக்கு வெள்ளை. தயிர் ஆடை மாதிரி ஒரு சின்னத் தட்டு. குழாயை யன்னல் ஓரம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது வெயில் பட்ட பக்கம் சாம்பல் ஊதாவாக மாறியிருந்தது, சுவர்ப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"இலைக்கு என்ன தண்ணி பாவிச்சனீ?" என்று கேட்டேன்.

"போர்டிங் கிணத்துத் தண்ணி, அக்கா. அவிக்கத்தானே எண்டு…"

அவள் தங்கியிருப்பது உப்புவெளிப் பக்கம். ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கிணறுகள் பல உவர். முருங்கையிலையிலும் குளோரைட்டு உண்டு. குளோரைட்டு இருக்கும் இடத்தில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் என்ன வரும் என்று உயர்தரம் படித்த எல்லாருக்கும் தெரியும். வெள்ளி குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவு, வெளிச்சம் பட்டால் ஊதாவாகும், ஐதான அமோனியாவில் கரையும். கொஞ்சத்தை எடுத்து அமோனியா விட்டுக் கலக்கினோம். வெள்ளை கரைந்து போய், அடியில் மண்ணிறமாக ஒரு துளி மட்டும் மிஞ்சியது. அந்த ஒரு துளிதான் அடியில் அகப்பட்ட வெள்ளித் துகள். (இதைச் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அமோனியா விட்ட வெள்ளிக் கரைசலை வைத்துவிட்டுப் போகக் கூடாது, அது காய்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம். வேலை முடிந்த உடனேயே அமிலம் விட்டு நடுநிலையாக்கிக் கழிவுப் போத்தலில் ஊற்றிவிட வேண்டும். என் கையால் ஊற்றாமல் நான் அறையை விட்டுப் போவதில்லை.)

அப்படியென்றால் 82 எங்கிருந்து வந்தது? இது புரிந்தால் மிச்சமெல்லாம் புரியும். டி.எல்.எஸ். என்று சொல்லும் ஒளிச்சிதறல் கருவி துகளைப் பார்ப்பதில்லை. லேசர் ஒளியைக் கரைசலுக்குள் விட்டு, சிதறி வரும் ஒளி எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று பார்க்கும். சின்னத் துகள் வேகமாக அலையும், ஒளி வேகமாகத் துடிக்கும். பெரியது மெதுவாக அலையும். துடிப்பில் இருந்து அலைச்சலும், அலைச்சலில் இருந்து அளவும் கணக்கிடப்படும். பெரன் கண்ணால் பார்த்த அதே அலைச்சல்தான். சிக்கல் என்னவென்றால், சிதறும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாம் வலுவுக்கு ஏற்ப ஏறுகிறது. ஒரே பொருளில் 100 நனோமீற்றர் துகள் ஒன்று சிதறடிக்கும் ஒளியும், 10 நனோமீற்றர் துகள்கள் பத்து இலட்சம் சேர்ந்து சிதறடிக்கும் ஒளியும் ஒன்று. கோணேசர் கோயில் தேர்த் திருவிழாச் சனத்துக்கு நடுவே ஒருவர் ஒலிபெருக்கி பிடித்துப் பேசினால் பதிவில் யாருடைய குரல் கேட்கும்? பிள்ளையின் போத்தலில் வெள்ளி குளோரைட்டும், இலைச்சாற்றின் மாவுப் பொருளும் புரதக் கட்டிகளும் ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டு நின்றன. கருவி பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னது.

முருங்கை, வேம்பு, துளசி, கற்றாழை என்று இலைச்சாற்றில் வெள்ளி செய்யும் ஆய்வுகளை எனக்குப் பிடிக்கும். செலவு குறைவு, நச்சு இரசாயனம் குறைவு, எங்கள் ஊர் இலைக்கும் ஒரு மரியாதை. ஆனால் வெறும் இலைச்சாற்றையே கருவியில் வைத்து அது என்ன எண் காட்டுகிறது என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. வைத்துப் பாருங்கள். வெள்ளியே இல்லாமல் ஓர் எண் வரும். சாற்றை முதலில் நல்ல வேகத்தில் சுற்றித் தெளியவைத்து, 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்த பிறகுதான் வெள்ளி நைத்திரேற்றில் விட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வெப்பநிலை இன்னொன்று. எங்கள் ஊரில் ஆய்வுகூடத்துக்கு வெளியே பகல் வெப்பம் 30 பாகைக்குக் கீழே நிற்பது பெரும்பாலும் மாரி காலத்தில்தான். 25 பாகையில் தண்ணீரின் பாகுமை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) 0.89 மில்லிபஸ்கால் வினாடி, 30இல் 0.80. கருவிக்கு 25 என்று சொல்லிவிட்டு 30 பாகைத் தண்ணீரை உள்ளே வைத்தால் துகள் வேகமாக அலையும், கருவி அதைச் சின்னதென்று நினைக்கும். 20 நனோமீற்றர் துகள் 18க்கும் கீழே காட்டும். பத்து நிமிடம் உள்ளே வைத்துக் காத்திருந்தால் இந்தப் பிழை போய்விடும்.

இரண்டாவது முறை வடிகட்டிய நீரும் தெளிந்த சாறும் கொண்டு செய்தாள். மூன்று படியாகச் சுற்றினோம். மூன்று சின்னப் போத்தல், மூன்று நிறம். முதலாவது கலங்கல், இரண்டாவது மண்ணிறம் கலந்த மஞ்சள், மூன்றாவது நல்ல எலுமிச்சை மஞ்சள். அவற்றை ஈயத்தாளில் சுற்றி, ரெஜிபோம் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் நானே கொண்டு போனேன். இலத்திரன் நுணுக்குக்காட்டி எங்கள் ஊரில் இல்லை.

நானே போனதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் பொன் கூழ்மம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். சித்திரேற்று போட்டுக் கொதிக்கவைத்துச் செய்தது, மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவப்பு. போன இடத்தில் யாரோ நல்லெண்ணத்தில் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் உறையும் தட்டில் வைத்துவிட்டார்கள். உறைந்து இளகியபோது சிவப்பு போய், சாம்பல் தண்ணீரும் அடியில் கறுப்புத் தூளும். தண்ணீர் ஐஸாகும்போது துகள்களை ஓரம் தள்ளி நெருக்கிவிடும், ஒட்டிய பொன் துகள் திரும்பப் பிரியாது. போத்தலில் "உறைய வைக்க வேண்டாம்" என்று நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது மூன்று மொழியிலும் எழுதுகிறேன்.

துகள்கள் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு வழி இருக்கிறது. டச்பே கடற்கரையில் ஒரு போத்தல் கடல் தண்ணீர் பிடித்து வருவேன். சிவப்புப் பொன் கூழ்மத்தில் சில சொட்டு விட்டதும் பிள்ளைகளின் கண் முன்னாலேயே ஊதாவாகி, நீலமாகிவிடும். துகள்கள் எல்லாம் ஒரே மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள கடல் தண்ணீர் அந்தத் தள்ளலை மூடிவிடுகிறது, துகள்கள் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன, நிறம் மாறுகிறது. சீற்றா அழுத்தம் என்று கருவியில் அளப்பது இந்தத் தள்ளலைத்தான். 30 மில்லிவோல்ற்றுக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள், நேரென்றாலும் மறையென்றாலும். பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பொன் விலைக்கு இரண்டு தரம்தான் முடியும்.

நுணுக்குக்காட்டிக்கு மாதிரி தயாரிப்பதை அருகில் இருந்து பார்த்தேன். 3 மில்லிமீற்றர் அகலச் செப்பு வலை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத காபன் படலம். முள்வாங்கியால் ஓரத்தைப் பிடித்து, அதன் மேல் ஒரு சின்னச் சொட்டு. காய விடுவார்கள். சொட்டு காயும்போது ஓரத்துக்குத் துகள்களை இழுத்துக்கொண்டு போகும், மேசையில் தேத்தண்ணி சிந்திக் காய்ந்தால் ஓரம் கறுக்குமே, அதே மாதிரி. அதனால் படத்தில் துகள்கள் கூட்டமாக இருந்தால் கரைசலிலும் கூட்டமாக இருந்தன என்று முடிவெடுக்கக் கூடாது. இலத்திரன் கற்றையைக் கொண்டு பார்க்கலாம் என்று நொலும் ருஸ்காவும் 1931இல் காட்டினார்கள், ருஸ்காவுக்கு நோபல் பரிசு 1986இல்தான் வந்தது. இவ்வளவு பெரிய கருவியும் நாம் காட்டச் சொன்ன இடத்தைத்தான் காட்டும். அழகான இடத்தைத் தேடிப் பிடித்து ஒரு படம் எடுத்து "துகள்கள் கோள வடிவானவை" என்று எழுதுவது எளிது. நான் வலையின் கட்டங்களை முன்பே எழுதி வைத்த வரிசையில் எடுக்கச் சொன்னேன். கருவி இயக்கியவர் பொறுமையான மனிதர், ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தந்தார். பிள்ளை அடுத்த இரண்டு கிழமை கணினி முன்னால் இருந்து நானூறுக்கு மேற்பட்ட துகள்களை அளந்தாள்.

மூன்றாவது போத்தலில் பெரும்பாலானவை 12க்கும் 20க்கும் இடையில். இரண்டாவதில் 30ஐச் சுற்றி, நடுவே சில முக்கோணங்களும். மூன்றாவது போத்தலுக்கு டி.எல்.எஸ். இந்த முறை 29 சொன்னது. "இப்பவும் பொருந்தேல்லையே அக்கா" என்றாள். இது பொருந்தாத வேறுபாடல்ல. கரைசலில் அலையும் துகள் இலைப் புரதத்தையும் ஒட்டிய நீரையும் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு அலைகிறது, நுணுக்குக்காட்டி உலோகத்தை மட்டும் பார்க்கிறது. சட்டையோடு ஓர் அளவு, சட்டை இல்லாமல் ஓர் அளவு. இரண்டையும் எழுத வேண்டும், எது எதில் எடுத்தது என்று பெயர் சொல்லி.

முதலில் வந்த வெள்ளைப் படிவைக் காயவைத்து எக்ஸ் கதிருக்கும் அனுப்பினோம். செப்பு எக்ஸ் கதிரில் 27.8, 32.2, 46.2 பாகைக் கோணங்களில் உச்சிகள். வெள்ளி குளோரைட்டு. பக்கத்தில் 38.1இலும் 44.3இலும் வெள்ளி, சின்னதாக, அகலமாக. உச்சி அகலமாக இருந்தால் பளிங்கு சின்னது, 1918இல் ஷெரர் தந்த சமன்பாடு அதைக் கணக்கிட்டுச் சொல்லும்.

வேறு வழிகளும் உண்டு. சீனிக் கரைசலை அடர்த்தி வாரியாக அடுக்கி அதன் மேல் கூழ்மத்தை ஊற்றிச் சுற்றினால் துகள்கள் நிற நிறமான பட்டைகளாக நிற்கும். அகரோஸ் ஜெல்லில் மின்னைப் பாய்ச்சியும் பிரிக்கலாம். கிடிங்ஸ் 1966இல் முன்வைத்த பாய்வு முறையில் மெல்லிய வாய்க்கால் ஒன்றில் ஓடவிட்டே சின்னதையும் பெரியதையும் வெவ்வேறு நேரத்தில் வெளியே எடுக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்து பார்க்க எனக்கு ஆசை, கருவிதான் இல்லை. சீனி முறையைப் போன கிழமை தொடங்கினோம். 20, 30, 40, 50 வீதம் என்று நாலு அடுக்கு. கீழ் அடுக்கில் இருந்து மேலே வர வேண்டும், ஊசியின் நுனி குழாய்ச் சுவரில் தொட்டபடி, ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. பிள்ளைக்குக் கை நடுங்கவில்லை. அம்மம்மாவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

ஆய்வறிக்கை கொடுக்க முன்தினம் அவள் மேசையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். வைகாசியில் செய்த பழைய போத்தல், ஊதாப் படிவோடு, மூலையில் இருந்தது.

"அக்கா, இதைக் கழிவில ஊத்தட்டோ?"

"வேண்டாம், வச்சிரு. அதுதான் உன்ர எண்பத்திரண்டு."

ஒரு சின்னத் துண்டில் "கிணற்று நீர், பிரிக்காதது" என்று எழுதி, திகதி போட்டு, போத்தலில் ஒட்டி, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தாள்.